ஒரு நாளுக்கு ஒரு நிமிடம்

ஜூலை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் உறுதிமொழி முடிவதற்குள் ஒன்பதாம் வகுப்பு வரிசையில் சலசலப்பு. ஒரு மாணவன் கண்கள் சொருகித் தரையில் உட்கார்ந்துவிட்டான். உடற்கல்வி ஆசிரியர் ஓடிவந்து அவனைத் தூக்கி நிழலில் படுக்க வைத்தார். தண்ணீர் தெளித்து, சர்க்கரை கலந்த நீரைக் கொடுத்த பிறகு முகம் தெளிந்தது.

"காலையில சாப்பிட்டியா?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். "இந்த வயசுல சாப்பிடாம வந்தா மயக்கம் வராம என்ன வரும்? ஒழுங்கா சாப்பிட்டுட்டு வந்து படிக்கிற வேலையைப் பாரு" என்று கடிந்துகொண்டேன். அத்தோடு அது முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

மதியம் சத்துணவு நேரத்தில்தான் விவரம் தெரிந்தது. அவன் தட்டில் மூன்று முட்டைகள் இருந்தன. சோற்றை அப்படியே ஓரத்தில் ஒதுக்கியிருந்தான். முட்டை பிடிக்காத இரண்டு நண்பர்கள் தங்கள் முட்டையை அவனுக்குக் கொடுத்துவிடுகிறார்களாம். இது மூன்று வாரமாக நடக்கிறது. புரோட்டீன் பவுடர் வாங்க ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் வேண்டும் என்று வீட்டில் அம்மாவிடம் சண்டையாம். தண்ணீரும் அதிகம் குடிப்பதில்லை. "தண்ணி குறைச்சா நரம்பு எல்லாம் வெளியில தெரியுமாம் டீச்சர். வீடியோல சொன்னாங்க" என்றான் அவன் நண்பன்.

அந்த வீடியோவை அன்று மாலை பார்த்தேன். வெளிநாட்டு நிகழ்ச்சி ஒன்றைத் துண்டு துண்டாக வெட்டி, தமிழில் பின்னணி பேசிச் சேர்த்திருந்தார்கள். ஒல்லியான ஒரு பள்ளி மாணவன் தொடக்கத்தில் கூச்சத்தோடு நிற்கிறான். ஒரு பயிற்சியாளர் வருகிறார். இடையில் பாட்டு, வியர்வை, கண்ணீர். கடைசியில் எண்ணெய் பூசிய உடலோடு மேடையில் நின்று கைகளை மடக்கிக் காட்டுகிறான். மொத்தமே பன்னிரண்டு நிமிடம்.

அன்று இரவு எனக்குச் சரியாக உறக்கம் வரவில்லை. காரணம் அந்த வீடியோ மட்டுமில்லை. சில வாரங்களுக்கு முன் அதே மாணவனைக் குறித்து, "ஃபேனை வேகமா வைக்காதீங்கடா, இவன் பறந்துடுவான்" என்று வகுப்பில் நானே சொல்லியிருந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அவன் சிரித்ததால் அது நகைச்சுவை என்றே எடுத்துக்கொண்டேன்.

எனவே திட்டுவதை விட்டுவிட்டுப் பாடமாக நடத்துவது என்று முடிவு செய்தேன். எட்டாம் வகுப்பில் படித்த 'வளரிளம் பருவமடைதல்' பாடத்தின் தொடர்ச்சியாக மூன்று பாடவேளைகள் ஒதுக்கினேன். அந்த மாணவனின் பெயரையோ மயக்கம் வந்ததையோ வகுப்பில் ஓர் இடத்தில்கூடக் குறிப்பிடவில்லை. நண்பர்கள் தங்கள் வகுப்பில் இதைச் செய்து பார்க்க விரும்பினால் உதவும் என்பதற்காக, நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதல் பாடவேளை: நாள்களை எண்ணுதல்

இத்தகைய நிகழ்ச்சிகளின் அமைப்பை முதலில் விளக்கினேன். அமெரிக்காவின் எம்.டி.வி. தொலைக்காட்சியில் 'மேட்' என்றொரு நிகழ்ச்சி 2000களின் தொடக்கத்திலிருந்து பத்தாண்டுக்கும் மேலாக ஒளிபரப்பானது. பதின்பருவத்தினர் தங்கள் ஆசையை எழுதி அனுப்புவார்கள். ஒருவருக்கு ராப் பாடகராக ஆசை, இன்னொருவருக்கு ஸ்கேட்போர்டு வீரராக, மற்றொருவருக்கு ஆணழகன் மேடையில் நிற்க ஆசை. தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு ஒரு பயிற்சியாளரை அனுப்புவார்கள். சில வாரங்கள் பயிற்சி நடக்கும். நடுவில் ஒருநாள் "என்னால் முடியாது" என்று அவர் மனமுடைவார். பயிற்சியாளர் தேற்றுவார். கடைசியில் போட்டியோ மேடையோ வரும். கிட்டத்தட்ட ஒவ்வொரு வாரமும் இதே வரிசைதான்.

பிறகு கரும்பலகையில் ஒரு கணக்கு எழுதினேன். பயிற்சி ஆறு வாரம் என்று வைத்துக்கொள்வோம். 6 × 7 = 42 நாள்கள். விளம்பரங்களை நீக்கிவிட்டால் ஒரு மணி நேர நிகழ்ச்சியில் ஏறத்தாழ 42 நிமிடங்கள் கிடைக்கும். அப்படியானால் ஒரு நாளுக்கு எத்தனை நிமிடம்?

"ஒரு நிமிஷம் டீச்சர்!" என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது.

"ஒரு நாளில் மொத்தம் எத்தனை நிமிடம்?"

24 × 60 = 1,440.

"ஒரு நிமிடத்தைக் காட்டிவிட்டார்கள். மீதி 1,439 நிமிடம் எங்கே போனது?"

குழுவாகப் பிரித்து, திரையில் வராத அந்த நிமிடங்களில் என்னென்ன நடந்திருக்கும் என்று பட்டியலிடச் சொன்னேன். உறக்கம், பள்ளி, வீட்டுப்பாடம், சலிப்பு, வயிற்றுவலி, தசைவலி, பயிற்சி இல்லாத ஓய்வு நாள், சமைத்தவர், பணம் கொடுத்தவர், படம்பிடித்தவர் என்று பட்டியல் நீண்டது. ஒரு மாணவி, "எடை குறைஞ்ச நாளைக் காட்டியிருக்க மாட்டாங்க" என்று எழுதியிருந்தாள். இன்னொரு குழு, "நிகழ்ச்சி முடிஞ்சு கேமரா போன பிறகு வந்த நாள்கள்" என்று எழுதியிருந்தது. அந்த விடையை நான் எதிர்பார்க்கவே இல்லை.

இந்த வெட்டு தொலைக்காட்சியோடு பிறந்ததில்லை என்பதையும் சொன்னேன். இத்தாலியில் பிறந்து சிறுவயதில் அமெரிக்காவுக்குக் குடியேறிய ஏஞ்சலோ சிசிலியானோ என்பவர், சார்லஸ் அட்லஸ் என்ற பெயரில் 1920களிலிருந்து அஞ்சல்வழி உடற்பயிற்சிப் பாடம் விற்றார். படக்கதை வடிவில் வந்த அவரது விளம்பரம் மிகவும் புகழ்பெற்றது. கடற்கரையில் ஓர் ஒல்லி இளைஞனின் முகத்தில் முரடன் ஒருவன் மணலை உதைத்துத் தள்ளுகிறான். அவமானப்பட்ட இளைஞன் வீட்டுக்குப் போய் அட்லஸின் பாடத்துக்கு எழுதிப் போடுகிறான். அடுத்த கட்டத்தில் கண்ணாடி முன் கட்டுடலோடு நிற்கிறான். இரண்டு கட்டங்களுக்கு நடுவே இருப்பது ஒரு கோடுதான். அத்தனை மாதங்களும் அந்தக் கோட்டுக்குள் அடங்கிவிட்டன.

இரண்டாம் பாடவேளை: தசை எப்படி வளர்கிறது?

அறிவியல் ஆசிரியராக நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தவை ஐந்து.

ஒன்று, வலிமை முதலில் வரும். பருமன் பிறகுதான் வரும். புதிதாகப் பயிற்சி தொடங்குபவருக்கு முதல் சில வாரங்களில் கூடும் வலிமைக்குப் பெரும்பங்கு காரணம் நரம்பு மண்டலம். இருக்கும் தசை நார்களையே அதிக எண்ணிக்கையில் ஒரே நேரத்தில் இயக்க மூளை கற்றுக்கொள்கிறது. எனவே ஒரு மாதம் தண்டால் எடுத்துவிட்டுக் கண்ணாடியில் மாற்றம் தெரியவில்லை என்றால் உழைப்பு வீண் என்று பொருளில்லை.

இரண்டு, தசை ஓய்வில்தான் வளர்கிறது. பயிற்சி தசைக்குத் தூண்டுதலைத் தருகிறது. அதைச் சீர்செய்து வலுப்படுத்தும் வேலை உணவாலும் உறக்கத்தாலும் நடக்கிறது. இரவு ஒரு மணி வரை கைப்பேசி பார்ப்பவருக்கு எந்தப் பவுடரும் உதவாது.

மூன்று, சோறு எதிரியில்லை. 13 முதல் 15 வயதுள்ள ஆண் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 45 கிராம் புரதம் பரிந்துரைக்கப்படுகிறது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் இருக்கிறது. மீதியைப் பருப்பு, பயறு, கடலை, பால், மீன், ஏன் அரிசியும்கூடச் சேர்ந்து தந்துவிடும். சோற்றை முழுவதும் ஒதுக்கினால் உடலுக்கு வேண்டிய ஆற்றல் எங்கிருந்து வரும்? தசை கட்ட வேண்டிய புரதத்தையே உடல் எரிபொருளாக்கிவிடும். "வீடு கட்ட வாங்கிவைத்த மரத்தை அடுப்பில் வைப்பது மாதிரி" என்றேன். அவன் நிமிர்ந்து பார்த்தான்.

நான்கு, தண்ணீர். தசையின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர்தான். ஆணழகன் போட்டிக்கு முன் சிலர் நீரைக் குறைத்தும், சிறுநீர் பிரிக்கும் மாத்திரைகளைப் போட்டும் தோலை ஒட்டவைத்துக் காட்டுகிறார்கள். உடலில் உப்புகளின் சமநிலை குலைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். முகமது பெனாசிசா என்ற உலகப் புகழ்பெற்ற வீரர் 1992ஆம் ஆண்டு நெதர்லாந்தில் ஒரு போட்டி முடிந்த கையோடு இறந்துபோனார். சிறுநீர் பிரிக்கும் மருந்துகளும் நீரிழப்பும் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டன. இதைச் சொன்னபோது வகுப்பில் சத்தமே இல்லை.

ஐந்து, ஸ்டீராய்டு. பத்தாம் வகுப்பில் வரவிருக்கும் ஹார்மோன் பாடத்தை இங்கே சற்று முன்கூட்டியே தொட்டேன். வளரும் பிள்ளைகளின் நீண்ட எலும்புகளின் முனையில் வளர்ச்சித் தட்டுகள் இருக்கின்றன. வெளியிலிருந்து ஸ்டீராய்டு செலுத்தினால் அவை முன்கூட்டியே மூடிவிடும். உயரம் அத்தோடு நின்றுவிடும். கல்லீரலும் இதயமும் பாதிக்கப்படும். ஆனால் சரியான மேற்பார்வையில், தன் அளவுக்கு ஏற்பச் செய்யும் வலுப்பயிற்சி வளர்ச்சியைத் தடுக்காது. "எடை தூக்கினா குள்ளமாயிடுவ" என்று பொத்தாம்பொதுவாக மிரட்டுவதை நாமும் விட்டுவிட வேண்டும்.

"அப்ப எவ்வளவு நாள்தான் ஆகும் டீச்சர்?" என்று ஒருவன் கேட்டான். அர்னால்டு சுவார்செனேகரைச் சொன்னேன். 1947இல் ஆஸ்திரியாவில் பிறந்தவர், 15 வயதில் எடைப் பயிற்சியைத் தொடங்கினார். மிஸ்டர் யுனிவர்ஸ் பட்டத்தை வென்றது 1967இல், 20 வயதில். உலகிலேயே பெரிய பெயர் பெற்றவருக்கே ஐந்து ஆண்டுகள் ஆயின. அத்தோடு நிறுத்தாமல், தான் அக்காலத்தில் ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டதை அவரே பின்னாளில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டதையும் சொன்னேன். பாதியை மறைத்துச் சொன்னால் நானும் வெட்டி ஒட்டியவளாகிவிடுவேன்.

நம் நாட்டின் மனோகர் ஐச் பற்றியும் சொன்னேன். வங்காளத்தைச் சேர்ந்த அவர் உயரம் ஐந்தடிக்கும் குறைவு. 1952இல் மிஸ்டர் யுனிவர்ஸ் போட்டியில் தன் பிரிவில் வென்றபோது நாற்பது வயதை ஒட்டியிருந்தார். நூறு வயதைக் கடந்து வாழ்ந்து 2016இல் மறைந்தார். உயரம் குறைந்த மாணவர்கள் இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மூன்றாம் பாடவேளை: முன்பும் பின்பும்

இந்தச் செயல்பாட்டுக்கு உடற்கல்வி ஆசிரியரைத் துணைக்கு அழைத்துக்கொண்டேன். ஒரு கை, ஒரு ஜன்னல், பள்ளியின் கைப்பேசி, சிறிது தேங்காய் எண்ணெய் போதும். விருப்பமுள்ள மாணவர் ஒருவர் மட்டும் முன்வந்தால் போதும். சட்டையைக் கழற்றச் சொல்லக் கூடாது. முழங்கைக்குக் கீழே மட்டும் படமெடுக்க வேண்டும். முகம் வரக் கூடாது. பாடவேளை முடிவதற்குள் எல்லோர் முன்னிலையிலும் படங்களை அழித்துவிட வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

முதல் படம்: கை தளர்ந்து தொங்குகிறது. வெளிச்சம் நேராக விழுகிறது. இரண்டாவது படம்: அதே கை, பத்து நிமிடம் கழித்து. பதினைந்து தண்டால் எடுத்து, விரல்களை இறுக மடக்கி, எண்ணெய் தடவி, ஜன்னலின் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்தது. பயிற்சி செய்த தசைக்கு இரத்த ஓட்டம் கூடுவதால் சிறிது நேரத்துக்குப் பருத்துத் தெரியும். பக்கவாட்டு ஒளி நிழலை உண்டாக்குவதால் மேடுபள்ளம் தெளிவாகும்.

இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திரையில் காட்டியதும் வகுப்பே ஆர்ப்பரித்தது. "இதுக்குக் கீழே '90 நாள்'னு எழுதிட்டா போதும்" என்றான் ஒருவன். ஒரு மாணவி எழுந்து, "முகம் வெள்ளையாகற கிரீம் விளம்பரமும் இதே மாதிரிதானே டீச்சர்?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு பேச்சு முழுவதும் மாணவிகள் பக்கம் போய்விட்டது. நான் திட்டமிடாத அந்தப் பதினைந்து நிமிடம்தான் மூன்று பாடவேளைகளிலும் சிறந்தது.

அவன் கேட்ட கேள்வி

பாடம் நன்றாகப் போன நிறைவில் இருந்தேன். மறுநாள் ஆய்வகத்தில் கருவிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவன் தனியாக வந்தான்.

"டீச்சர், அதெல்லாம் வெட்டி ஒட்டினதுதான். புரிஞ்சுது. ஆனா அந்தப் பையனுக்கு ஒரு கோச் வந்தாரே, அதுவும் பொய்யா?"

உடனே என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் நான் பார்த்தது எண்ணெய் பூசிய உடலை. அவன் பார்த்தது, ஒரு பெரியவர் வீடு தேடி வந்து, "நீ சொல்வதை நான் நம்புகிறேன், வா செய்யலாம்" என்று சொன்னதை. நிகழ்ச்சியை நடத்துபவர்கள் வணிகத்துக்காகச் செய்தாலும், அந்த ஒரு விஷயம் உண்மையானது. பிள்ளைகள் ஏங்குவதும் அதற்குத்தான். முட்டை சேர்த்த மூன்று வாரமும் அவனுக்கு அருகில் அப்படி யாரும் இல்லை. இருந்தவர்களில் ஒருத்தி ஃபேனைச் சொல்லிச் சிரித்தவள்.

"அது பொய்யில்லப்பா" என்றேன். பிறகு, "அன்னைக்கு ஃபேனைப் பத்தி நான் சொன்னது தப்பு" என்றும் சொன்னேன். "பரவால்ல டீச்சர்" என்று சொல்லிவிட்டு வேகமாக வெளியே போய்விட்டான்.

அன்றே உடற்கல்வி ஆசிரியரிடம் பேசினேன். "எனக்கே தோணியிருக்கணும்" என்றார். வாரத்தில் மூன்று நாள் வழிபாட்டுக் கூட்டத்துக்கு முன் இருபது நிமிடம் தண்டால், பஸ்கி, கயிறு தாண்டுதல், தொங்குதல் என்று தொடங்கினார். இடைப்பட்ட நாள்கள் கட்டாய ஓய்வு. கருவி எதுவும் வாங்கவில்லை. காலையில் சாப்பிடாமல் வந்தவருக்கு அன்று பயிற்சி கிடையாது என்பது அவர் வைத்த ஒரே சட்டம். அவனோடு சேர்த்து ஏழு பேர் வந்தார்கள். பிறகு நான்கு மாணவிகளும் சேர்ந்துகொண்டார்கள்.

அவன் அம்மாவைப் பள்ளிக்கு அழைத்துப் பேசினேன். பவுடர் வாங்கித் தர முடியவில்லையே என்ற குற்ற உணர்ச்சியோடு வந்திருந்தார். வேர்க்கடலையையும் கொண்டைக்கடலையையும் கணக்குப் போட்டுக் காட்டியதும், "இதெல்லாம் வீட்லயே இருக்கே" என்றார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னோம். இரத்தசோகை இருப்பது தெரிந்து மருத்துவர் மாத்திரை கொடுத்தார். அந்த மயக்கத்துக்கு வீடியோ மட்டுமே காரணமில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

நமக்கும் ஒரு கணக்கு

இந்தப் பாடத்தை நடத்தியபின் என்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டேன். ஆண்டு விழாவில் நாம் என்ன சொல்கிறோம்? "ஜூன் மாதத்தில் எழுத்துக் கூட்டத் தெரியாது, இன்று சரளமாகப் படிக்கிறார்" என்கிறோம். கைதட்டல் கிடைக்கிறது. நடுவில் இருந்த நாள்களை நாமும் வெட்டிவிடுகிறோம். அரங்கில் உட்கார்ந்திருக்கும், இன்னும் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அதனால் என்ன தோன்றும்? மற்றவர்கள் எல்லோரும் ஒரே நாளில் மாறிவிட்டார்கள், தான் மட்டும்தான் மாறவில்லை என்றுதான் தோன்றும். இந்த ஆண்டு முதல் என் வகுப்பில், நன்றாகச் செய்த மாணவரைப் பாராட்டும்போது, எத்தனை நாள் ஆயிற்று, எந்த இடத்தில் தடுமாறினார், யார் உதவினார் என்பதையும் அவரையே சொல்லச் சொல்கிறேன்.

அரையாண்டுத் தேர்வுக்கு முன் அவன் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொண்டுவந்து காட்டினான். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, தண்டால் எண்ணிக்கை, அன்று சாப்பிட்டது. முதல் வாரத்தில் நான்கு என்று இருந்தது கடைசிப் பக்கத்தில் பதினெட்டு என்றிருந்தது. நடுவில் காய்ச்சல் வந்த ஒன்பது நாள்கள் வெறுமையாக இருந்தன. திரும்பத் தொடங்கியபோது எண்ணிக்கை ஏழுக்கு இறங்கியிருந்தது. அதையும் அழிக்காமல் எழுதியிருந்தான்.

ஆள் பார்க்க இன்னும் ஒல்லிதான். நோட்டில் படம் எதுவும் ஒட்டவில்லையா என்று கேட்டேன்.

"எதுக்கு டீச்சர்? எல்லா நாளும் இதுலயே இருக்கே" என்றான்.